நூத்தஞ்சு: ஓர் ஒப்பீடு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, மொழிச் சிறப்பிதழுக்கு ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை வேண்டும் என்றார். எந்த இரண்டு மொழிகளாக இருந்தாலும் சரி, வேறு யாரும் கை வைக்காதவையாக இருந்தால் போதும். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். என்னுடைய கொஞ்ச நேரம் மற்றவர்களுக்குச் சற்று நீளமானது. லைனில் இருக்கிறேனா என்று அவர் இரண்டு தடவை கேட்ட பிறகு, எஸ்தோனியமும் ஜோங்காவும் என்றேன்.

இரண்டில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் இரண்டையும் கேட்கிறேன். என் தங்கை காது மெஷின் கடை வைத்திருக்கிறாள். அங்கே ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் தாய்மொழி எஸ்தோனியம், உடன் வேலை பார்க்கும் இளைஞனின் தாய்மொழி ஜோங்கா. ஒன்று வடக்கே குளிர்ந்த கடலோரத்தில் பேசப்படுவது, மற்றது பெரிய மலைகளுக்கு நடுவே. ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. புரியாத மொழியைக் கேட்டுக்கொண்டு புத்தகம் படிப்பது மழைச் சத்தத்தில் படிப்பது மாதிரி. மனதுக்கு அவ்வளவு இதம்.

கட்டுரையை இப்படித் தொடங்கினேன்:

எஸ்தோனிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பதினான்கு வேற்றுமைகள் உண்டு. நம்முடைய எட்டையே எட்டாம் வகுப்பில்—

ஆகாது. எதுகை வந்ததும் சந்தோஷப்பட்டு நின்றுவிட்டேன். மறுபடி:

ஜோங்காவை எழுதும்போது சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. அசைக்கு அசை ஒரு புள்ளி வைப்பார்கள். எஸ்தோனியமோ—

எஸ்தோனியமோ என்ன? ஒரு மாலை முழுவதும் அந்த ஓகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மூன்றாவது:

கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு டப்பா இருக்கிறது.

இது கட்டுரையின் முதல் வரி இல்லை என்பது எழுதும்போதே தெரிந்தது. ஆனால் வீடு தேடி வந்த வரியை வாசலோடு அனுப்பிப் பழக்கமில்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.

2

டப்பா என்பது கடையில் வழங்கும் பெயர். சத்தம் புகாத சிறு அறை. ஒருவர் உட்காரலாம், இரண்டு பேர் என்றால் முழங்கால்கள் இடிக்கும். கதவு கனமானது, மூடினால் வெளியே ஒன்றும் கேட்காது. சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல். வெளியே மேசையில் ஒலிவாங்கி, உள்ளே பேசுவது வெளியே கேட்பதற்காக உள்ளே இன்னோர் ஒலிவாங்கியும் மேசையில் ஓர் ஒலிபெருக்கியும். காது கேளாதவர்களைப் பரிசோதிப்பதற்காகக் கட்டியது. பழுது பார்த்த மெஷின்களைச் சோதிப்பதும் அதற்குள்ளேதான்: ஒருவர் மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து சொற்களைச் சொல்வார். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தெரிந்த மொழியில் பாதி சொல் காதில் விழுந்தாலே போதும், மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். மெஷின் பாதிதான் வேலை செய்கிறது என்பது தெரியாமலே போய்விடும். "தெரிஞ்ச பாஷைல காதா கேக்குது? மூளைதானே கேக்குது" என்பாள் தங்கை. ஆகவே உள்ளே இருப்பவருக்குத் தெரியாத மொழியில்தான் சொற்களைச் சொல்ல வேண்டும் என்று கடையில் ஒரு சட்டம். கேட்டதைத் திருப்பிச் சொல்லலாம், அர்த்தம் கேட்கக் கூடாது என்பது துணைச்சட்டம். அர்த்தம் தெரிந்துவிட்டால் அந்தச் சொல் கெட்டுப்போயிற்று. வேறு சொல் தேட வேண்டும்.

அந்தப் பெண் காது அச்சு வார்ப்பவள். காதுக்குள் பசையை ஊற்றி, உறைந்ததும் எடுத்து, ஒவ்வொரு காதுக்கும் அளவாக மெஷினின் மூக்கைச் செய்வாள். வலது காதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம். அந்த இளைஞன் மெஷின் பழுது பார்ப்பவன். மேசை விளக்குக்கு அடியில் குனிந்தால் தலை நிமிர மாட்டான்.

[இவர்கள் எப்படித் தமிழ் பேசுகிறார்கள் என்று கேட்பீர்கள். என் தங்கையிடம் வேலைக்குச் சேர்ந்தால் யாராக இருந்தாலும் பேசிவிடுவார்கள். திட்டு வாங்கும் மொழியை மனிதன் வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறான்.]

முதல் நாள் சோதனையில் அவள் ஒலிவாங்கியில் சொன்ன சொல் 'சதா'. நம் சதா இல்லை. அவள் மொழியில் அது நூறு. அர்த்தம் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்ட தங்கையே அர்த்தம் கேட்டாள். நூறு என்று தெரிந்ததும், "அட, சதம்! நம்ம வீட்டுப் பிள்ளைதான் இது" என்றாள் தங்கை. அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பெயர் நூறு.

அடுத்து அவன் முறை. அவன் சொன்னது 'ங'. என்ன என்று கேட்டதற்கு ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினான். சரி, ஐந்து. பிறகு தங்கை அவன் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று விசாரித்தாள். அவளுக்கு அப்போது அவனுடைய தமிழும் புரியவில்லை, அவனுக்கு அவளுடையதும் புரியவில்லை. அவன் தன் நெஞ்சைத் தொட்டு, 'ங...' என்று ஆரம்பித்தான். "ஓ, உன் பேரே அஞ்சா?" என்று முடித்துவைத்தாள் தங்கை.

ஜோங்காவில் 'ங' என்றால் ஐந்து. 'ங' என்றால் நான். குரலை மேலே தூக்கிச் சொன்னால் ஐந்து, தாழ்த்திச் சொன்னால் நான். பாவம், அவன் 'நான்' என்று வாயைத் திறந்தவன். வாக்கியம் முடிவதற்குள் ஐந்தாகிவிட்டான். இது தெரியவந்தபோது பெயர் ஊறிவிட்டிருந்தது. அவனும் மறுக்கவில்லை. எதற்கும் தயங்குகிற ஆளுக்கு, அஞ்சு என்பது எண்ணாகவும் பொருந்தியது, வினையாகவும் பொருந்தியது.

இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் தங்கை நூத்தஞ்சு என்பாள். "நூத்தஞ்சு டிகிரி. யாருக்கு ஜுரம்னுதான் தெரியலை."

3

(இந்தப் பகுதியில் கட்டுரை தலை காட்டும். ஆசிரியருக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்ய வேண்டாமா?)

எஸ்தோனியத்தில் ஒலிக்கு மூன்று நீளங்கள். தமிழ் எழுத்தில் சுமாராக எழுதினால்: சதா, சாதா, சாஅதா. முதலாவது நூறு. இரண்டாவது, அனுப்பு. மூன்றாவது, பெற. இரண்டாவதையும் மூன்றாவதையும் அவர்கள் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். வாய்தான் வேறுபடுத்த வேண்டும். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் நடுவே ஒரு மாத்திரைதான் தூரம்.

மாத்திரை என்று எழுதியதும் எனக்குள் ஏதோ சிரித்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, தேர்வு முடிந்ததும் காற்றில் விட்டோமே, அதே கணக்கு. அளபெடையைச் செய்யுளோடு புதைத்தாயிற்று என்று நினைத்திருந்தேன். எங்கேயோ குளிர்தேசத்தில் ஒரு பெண் தபால்காரரிடம் அளபெடையில் பேசிக்கொண்டிருக்கிறாள். (நாமும் விடவில்லை. "ரொம்பத் தூஊரம்" என்று சொல்லும்போது தூரம் மட்டுமா நீள்கிறது?)

ஜோங்கா நீளத்தைவிட உயரத்தைக் கவனிக்கிற மொழி. ஆகவே டப்பாவுக்குள் நடந்தது இதுதான். அவள் வெளியிலிருந்து சாதா, சாஅதா என்பாள். அவன் உள்ளிருந்து சாதா, சாதா என்பான். இடம் மாறி உட்காருவார்கள். அவன் மேலே ஒரு ங, கீழே ஒரு ங சொல்வான். அவள் இரண்டையும் நடுவிலேயே நிறுத்தி, ங, ங என்பாள். மெஷின் நன்றாக இருந்தது. காதும் நன்றாக இருந்தது. இருந்தும் அவளுடைய நீளம் அவனுக்கு எட்டவில்லை, அவனுடைய உயரம் அவளுக்கு எட்டவில்லை.

எனக்கு அவள் நீளம் கேட்டது. அவன் உயரம் கேட்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சோதனை முடிந்த மெஷின்களையும் மறுபடி சோதிக்க ஆரம்பித்தார்கள். பழுதே இல்லாத மெஷின்களையும் சோதித்தார்கள். சட்டத்தை மீறி அர்த்தம் கேட்டுக்கொண்டார்கள். சொற்கள் வரிசையாகக் கெட்டுப்போயின. எஸ்தோனியத்தில் ஒருவர் உடன் இருப்பதற்கு ஒரு வேற்றுமை உருபு, அவர் இல்லாமல் இருப்பதற்குத் தனியாக ஒன்று என்று அவள் சொன்னாள். 'உன்னோடு' ஒரே சொல், 'நீ இல்லாமல்' ஒரே சொல். ஒருவர் இல்லாததற்கென்றே உருபு வைத்திருக்கிற இலக்கணத்தைப் பற்றி நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அவன் சொன்னது இன்னும் விநோதம். ஜோங்காவில் 'ஆகும், இருக்கிறது' என்று சொல்ல ஒரு சொல் போதாது. முன்பே தெரிந்து மனதில் ஊறிய விஷயத்துக்கு 'இங்'. இப்போதுதான் தெரியவந்தது என்றால் 'இம்மே'. இது என் குடை என்பது இங். கூட்டத்தில் தேடி எடுத்து, அட, இது என் குடையல்லவா என்றால் இம்மே. தமிழில் ஒருவர் எதைச் சொன்னாலும் அஞ்சுவுக்குத் திருப்தி இல்லை. "மழை பெய்யுதுன்னு சொல்றீங்க அண்ணா. உங்களுக்கு எப்ப தெரியும்? அதைச் சொல்லவே இல்லையே" என்பான்.

4

இனி கதைக்கு ஒரு ஆபத்து வேண்டும். நான் ஏற்பாடு செய்யவில்லை, அதுவாகவே வந்தது. வேறொரு நகரத்தில் பெரிய பட்டறை ஒன்று, காது அச்சு மட்டுமே வார்ப்பது, நூறை வேலைக்குக் கூப்பிட்டது. நல்ல வேலை. ஒரு வாரம் வந்து இருந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்றார்கள். அவள் போய்ப் பார்க்கிறேன் என்றாள். தங்கை, போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். சொல்லிவிட்டு அன்று முழுவதும் எல்லோரையும் திட்டினாள்.

அஞ்சு மேசை விளக்கை இன்னும் கீழே இறக்கிக்கொண்டான்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். இவ்வளவு தயங்குகிற ஆள் உண்டா? என் மௌனத்தை எடுத்து அவனுக்கு மாட்டிவிடுகிறேனா? ஒரு வரைவில் அவனை விளக்கை ஓங்கித் தட்டவைத்துப் பார்த்தேன். விளக்கு உடைந்தது. கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடித்துவிட்டேன்.)

5

மொழி விவரங்களில் தப்பு இருக்கக் கூடாதல்லவா? அதற்காக அதுவரை எழுதியதை அஞ்சுவிடம் கொடுத்து, ஜோங்கா பற்றிய பகுதியை மட்டும் பார்க்கச் சொன்னேன். அவன் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பான். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் எதையும் விடுவதில்லை. முதல் வரியிலிருந்து படித்தான்.

அந்த வரைவில், நாலாவது பகுதியின் முடிவில், போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். இப்போது அங்கே அது இல்லை, எடுத்துவிட்டேன். வாக்கியம் இது: அஞ்சுவுக்கு நூறின் மேல் பிரியம்.

அவன் விரல் அங்கே நின்றது. நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். மௌனத்தில் எனக்குப் பழக்கம் அதிகம், அவனே முதலில் பேச வேண்டியதாயிற்று.

"அண்ணா, இது இங்-ஆ, இம்மே-யா?"

"நான் தமிழ்ல எழுதினேன்பா. தமிழ்ல அதெல்லாம் கிடையாது."

"இல்ல, எனக்கு." அவன் மறுபடியும் அந்த வாக்கியத்தை எழுத்துக் கூட்டினான். "எனக்கு இது இம்மே. நேத்து வரைக்கும் தெரியாது. நீங்க எழுதியிருக்கிறதைப் படிச்சுத்தான் தெரியுது."

இதுவரை நான் எழுதிய எதுவும் யாரையும் அசைத்ததில்லை. ஒரு கதைக்கு வந்த கடிதத்தில்கூட, பக்க எண் தவறாக அச்சாகியிருப்பதைத்தான் சுட்டிக்காட்டியிருந்தார்கள். இப்போது என் வாக்கியம் ஒன்று என் எதிரிலேயே ஒரு மனிதனின் காதுகளைச் சிவக்கவைத்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்ற கடை விதியைக்கூட அது மதிக்கவில்லை.

தங்கைக்கு விஷயம் எட்ட அரை மணி நேரம் ஆகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். "வாயே திறக்காம மூலைல உக்காந்திருந்தே, சரி, நல்ல மனுஷன்னு விட்டுட்டேன். இப்ப எழுதித் தொலைச்சிட்டியே அண்ணா. அவ கிளம்பப் போறா, இவனுக்கு இன்னைக்குத்தான் தெரியுதாம். நீயே பாத்துக்கோ."

ஆக, இங்கிருந்து நான் கதாசிரியன் மட்டும் இல்லை.

6

அவன் அவள் மொழியில் ஒரு வாக்கியம் சொல்வது என்று முடிவாயிற்று. 'எனக்கு ஒரு பதில் பெற வேண்டும்.' எஸ்தோனியத்தில் அது 'சாஅதா' என்று முடியும். மூன்று மாத்திரையையும் இழுக்கச் சொல்லிக்கொடுக்க, அந்தக் கடையில் இலக்கணப்படி தகுதியான ஒரே ஆள் நான்தான். டப்பாவுக்குள் இரண்டு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். நான் கை நொடித்தேன். ஒரு நொடிப்பு, சதா. இரண்டு, சாதா. மூன்று, சாஅதா. அவன் மூன்றாவது நொடிப்பு வருவதற்குள் இறங்கிவிடுவான், பேருந்து நிற்பதற்குள் குதிக்கிறவர்களைப் போல. கடைசியில் ஒருவாறு வந்தது. நான் நொடிக்காமலும் வந்தது.

அவள் கிளம்பிய காலை. வாசலில் வண்டி நிற்கிறது. கையில் பை. தங்கை கண்ணாடி துடைக்கிற சாக்கில் அங்கேயே நிற்கிறாள். அஞ்சு முன்னால் வந்தான். வாக்கியத்தைத் தொடங்கினான். நன்றாகவே போயிற்று. கடைசிச் சொல்லில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டான்.

சாதா.

பெற, அனுப்பு ஆகிவிட்டது. அவள் காதில் விழுந்தது ஏறக்குறைய இப்படி இருக்கும்: எனக்கு வேண்டும், பதிலை, அனுப்பு. முதலாளி உத்தரவு போடுவதைப் போல. அதைவிடப் பெரிய குறை எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்ததில் நான், அவன், தங்கை மூன்று பேருமே அதைக் கவனிக்கவில்லை. அவன் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் பதில் கேட்ட மனிதன், உலகத்தில் எந்த மொழியிலும் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவள் அவனைப் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது. பிறகு தமிழில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"வர்றேன்."

வண்டி போயிற்று.

7

வர்றேன் என்றால் என்ன?

தமிழில் அதற்குப் போகிறேன் என்று அர்த்தம். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் வருகிறேன் என்கிறோம். இதை அஞ்சு பட்டுத் தெரிந்துகொண்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மத்தியானம் தங்கை "சரி, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அவள் வருவாள் என்று கடையைப் பூட்டாமல் சாயங்காலம் வரை வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து வர்றேன் என்றால் போகிறேன் என்பது அவனுக்கு இங். மனதில் ஊறிய உண்மை.

எஸ்தோனியத்தில் எதிர்காலம் கிடையாது. வினைச்சொல்லுக்கு எதிர்கால வடிவமே இல்லை. வருகிறேன், வருவேன், இரண்டுக்கும் ஒரே சொல். அவள் தன் மொழியில் வருவேன் என்று நினைத்துத் தமிழில் வர்றேன் என்று சொல்லியிருக்கலாம். அல்லது கடையில் எல்லோரும் கிளம்பும்போது சொல்வதைப் பார்த்து, மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம்.

(நாம் எஸ்தோனியரைச் சொல்லக் கூடாது. ஆசிரியர் அன்று மாலை கூப்பிட்டுக் கட்டுரை என்னாயிற்று என்றார். "முடிச்சிட்டேன் சார்" என்றேன். இன்னும் வீட்டுக் குளியலறையில் இருந்துகொண்டே "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, அந்த இறந்தகாலம்தான்.)

அந்த வாரம் கடை, வேற்றுமை உருபு மாறிய சொல்லைப் போல இருந்தது. எல்லாம் இருந்தது, கடைசியில் ஒட்டியிருந்தது மட்டும் 'இல்லாமல்' ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் நூறு எங்கே என்று கேட்டார்கள். வருவாள் என்று தங்கை எல்லோரிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அஞ்சு தலையைத் தூக்கினான். ஒரு தடவை கேட்டேவிட்டான்.

"அக்கா, வருவாங்கன்றது... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, இல்ல இப்பதான்—"

"வேலையைப் பாருடா."

நான் வீட்டில் உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: அவள் வரவில்லை. அவன் ஒவ்வொரு மெஷினையும் காதில் மாட்டிக்கொண்டு, யாரும் பேசாத ஒலிவாங்கியை— இதை எழுதிக் காட்டியபோது தங்கை தாளைப் பிடுங்கி, "இதைப் போட்டேன்னா இனி உனக்குக் கடைல நாற்காலி கிடையாது" என்றாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. சோகத்துக்கு என்னிடம் கையிருப்பு அதிகம், அதனாலேயே அதைச் செலவழிப்பது சோம்பேறித்தனமாகத் தோன்றியது.

இரண்டாவது முடிவு: அவன் பேருந்து ஏறி அந்த நகரத்துக்குப் போகிறான். பட்டறை வாசலில் நின்று சாஅதா என்கிறான். இவ்வளவு தைரியம் அவனுக்கு நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? வழியிலேயே இறங்கிவிடுவான்.

மூன்றாவது முடிவை எழுத உட்கார்ந்தபோது தங்கையிடமிருந்து அழைப்பு. "கடைக்கு வா" என்றாள். அவள் குரலுக்கு மூன்று மாத்திரை இருந்தது.

8

அதற்குப் பிறகு நடந்தது இது. கண்ணால் பார்த்தது, ஆகவே நான் இதில் சொந்தமாக எதுவும் செய்ய முடியாது.

அஞ்சு டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தான், கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி, காதில் ஒரு மெஷினோடு. கதவு மூடியிருந்தது. வெளியே தங்கை ஒலிவாங்கியில் ஏதோ சொல்ல, அவன் திருப்பிச் சொன்ன குரல் மேசையில் இருந்த ஒலிபெருக்கி வழியாக வந்துகொண்டிருந்தது. நூறு கடைக்குள் நின்றிருந்தாள். கையில் அதே பை. அவன் இன்னும் பார்க்கவில்லை. தங்கை நாற்காலியிலிருந்து எழுந்து, ஒலிவாங்கியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

நூறு பையைக் கீழே வைக்கவில்லை. குனிந்து, ஒலிவாங்கியில் சொன்னாள்.

"ங."

தமிழில் இந்த எழுத்து க-வின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். வாங்க, போங்க, அங்கே, இங்கே. தனியாக நின்று சம்பாதித்து நான் பார்த்ததில்லை. அகரவரிசையில் ஐந்து வயதில் கற்றுக்கொண்டு, அதன்பிறகு ஒரு வேலையும் கொடுக்காமல் வைத்திருந்த எழுத்து. அன்று அந்தக் கடையில் மொத்தக் கதையும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால், அவள் அதை நடுவில் நிறுத்தவில்லை. அந்த ஒரு வாரமும் அறையில் தனியாக அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. குரல் எங்கேயோ போய் நின்றது. மேலேயா, கீழேயா? எனக்குத் தெரியவில்லை. முன்பே சொன்னேன் அல்லவா, அந்த உயரம் என் காதுக்கு எட்டாது. தங்கை என்னைப் பார்த்தாள். நான் தங்கையைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. காது மெஷின் விற்கும் கடையில் இரண்டு தமிழர்கள், நல்ல காதுகளோடு, செவிடாக நின்றோம்.

கீழே என்றால், 'நான்'. நான்தான். வந்துவிட்டேன். இங்கேயே இருப்பேன்.

மேலே என்றால், 'அஞ்சு'. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எழுந்து வா. பை இன்னும் கையில்தான் இருக்கிறது. அந்த நகரத்துக்கு இரண்டு பேரும் போவோம்.

அஞ்சு அசையாமல் இருந்தான். சட்டப்படி அவன் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் திருப்பிச் சொல்லியிருந்தால் அவன் குரலை வைத்தாவது கண்டுபிடிக்கப் பார்த்திருப்போம். சொல்லவில்லை. மெதுவாகத் திரும்பிக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது.

"சாஅதா."

இதை நான் கேட்டேன். இது எனக்குக் கேட்கும். என்னை அறியாமல் விரல்கள் நொடித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது நொடிப்பு முடிந்து, அதற்கும் கொஞ்சம் பிறகுதான் அவன் இறங்கினான். பெற. பெற்றுக்கொள்ள.

நூறு சிரித்தாள். பையோடு டப்பாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தும்போது அவள் முழங்கை பட்டு உள்ளே இருந்த ஒலிவாங்கியின் இணைப்பு கழன்றுவிட்டது. அல்லது கழற்றினாள்.

"நூத்தஞ்சு" என்றாள் தங்கை, யாரிடமும் என்றில்லாமல். பிறகு என்னிடம், "எனக்கு ரெண்டு ஆள் குறையுதா, குறையலையா? அதைச் சொல்லு. எழுத்தாளன்தானே நீ" என்றாள்.

9

இந்த வரியை எழுதும்போது அவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். நான் என் மூலை நாற்காலியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் அசைகின்றன. அவன் கையால் மேலே காட்டுகிறான், கீழே காட்டுகிறான். அவள் இரண்டு கைகளையும் விரித்து நீளம் காட்டுகிறாள். ஒரு சத்தமும் வரவில்லை. எத்தனையோ மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு இரைச்சலான மௌனம் இதுதான் முதல் தடவை. எனக்கு இது இம்மே.

ஆசிரியர் இரண்டு முறை அழைத்துவிட்டார். முடிச்சிட்டேன் சார் என்று மறுபடியும் சொல்லலாம். கதவு திறக்கும்வரை காத்திருந்து கேட்டுவிட்டு எழுதலாம். இரண்டும் வேண்டாம் என்று தோன்றுகிறது. கேட்டதைத் திருப்பிச் சொல், அர்த்தம் கேட்காதே என்பது இந்தக் கடையின் சட்டம். நான் என் பங்குக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டேன்.

மீதி உங்களிடம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, அல்லது யாராவது இருந்தாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். யோசிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் குரல் தாழ்ந்து நின்றால் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், நாளைக் காலை என் தங்கை அவர்களைத் திட்டுவாள். உயர்ந்து நின்றால் வாசலில் வண்டி வந்துவிட்டது, அஞ்சு தன் மேசை விளக்கை அணைக்க எழுந்திருக்கிறான்.

ங.